குரலை முதலில் காப்பாற்றுங்கள், கருவியைப் பிறகு பார்க்கலாம்

வாசகர் கேள்வி – பதில்

கைப்பேசி வந்த பிறகு வீட்டுத் தொலைபேசியே மேசையில் தூசி படிந்து கிடக்கிறது. அதனோடு சேர்ந்து, நாம் எடுக்காத அழைப்புக்குப் பதில் சொல்லி, அழைத்தவரின் செய்தியைப் பதிந்துவைக்கும் ஆன்சரிங் மெஷினை இனி யார் வைத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்துத்தான், சென்ற இதழில் அதைப் பற்றி வந்த கேள்விக்கு நான்கே வரிகளில் பதில் எழுதினேன். அதற்குப் பிறகு வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அந்தப் பெட்டிகள் பல வீடுகளில் இன்னும் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆகவே இம்முறை பக்கம் முழுவதும் அதற்கே. புடுவில் பழுதுபார்க்கும் மேசைக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்த காலத்தில், உழைத்துத் தேய்ந்துபோன கருவிகளைவிட, ஈரத்தாலும் தவறான அடாப்டராலும் உள்ளே மறந்துவிட்ட பேட்டரியாலும் கெட்டுப்போன கருவிகளையே அதிகமாகப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் உறுமி மேளக் குழு நடத்துகிறார். திருமணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் கேட்டு அழைப்பவர்கள் வீட்டு எண்ணில்தான் செய்தி வைப்பார்கள். இரண்டு கேசட் போடும் பழைய ஆன்சரிங் மெஷின் அது. சில வாரங்களாக எல்லாருடைய குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கி, இடையிடையே இழுத்து இழுத்துக் கேட்கிறது. புதுக் கேசட் போட்டும் பயனில்லை. ஹெட்டைத் துடைத்தால் சரியாகிவிடுமா?
– வாசகி, செந்தூல்

பதில்: அம்மா, குரல் மங்குவதும் குரல் இழுபடுவதும் இரண்டு தனித்தனி நோய்கள், உங்கள் கருவிக்கு இரண்டுமே வந்திருக்கும் போலிருக்கிறது. பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. அழைப்பவர்களுக்காக உங்கள் கணவர் முன்பு பேசிப் பதிவு செய்த வரவேற்புச் செய்தியைப் போட்டுக் கேளுங்கள். அது கருவி நலமாக இருந்த காலத்தில் பதிவானது. அவர் குரல் சரியான வேகத்தில், ஆனால் கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டால், நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு. குரல் கனத்து, வழக்கத்தைவிட மெதுவாகக் கேட்டால், மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கிறது. புதிதாக வரும் செய்திகளை வைத்து வேகத்தை எடைபோட முடியாது, ஏனென்றால் மெதுவாகச் சுழலும் கருவி மெதுவாகப் பதிந்து அதே மெதுவான வேகத்தில் ஒலிக்கும்போது ஒரு பிழை இன்னொரு பிழையைச் சரிக்கட்டிவிடும். வேகம் ஏறி இறங்கும் இடங்களில் மட்டும்தான் அந்த இழுப்பு காதில் படும்.

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு கேசட்டுகளையும் வெளியே எடுத்து, அவற்றின் முதுகுப்புற விளிம்பில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் தடுப்பை உடைத்துவிடுங்கள். தடுப்பு உடைந்த கேசட்டில் மேலே எதுவும் பதிவாகாது. பின்னர் மீண்டும் பயன்படுத்த நினைத்தால் அந்தப் பள்ளத்தின் மேல் ஒட்டுநாடா ஒட்டினால் போதும். இந்த ஒழுங்கை நான் கற்றுக்கொண்டது ஒரு தவற்றால்தான். பழுது சரியானதா என்று பார்க்க, வாடிக்கையாளரின் கேசட் உள்ளே இருப்பதை மறந்து, கடைத் தொலைபேசியிலிருந்து அந்தக் கருவியை அழைத்து "ஹலோ, சோதனை, ஒன்று, இரண்டு" என்று நிதானமாகப் பேசினேன். கருவி நாடாவை முதலுக்குச் சுற்றிவைத்திருந்தது. அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரின் செய்தி இருந்த இடத்தில் என் "ஒன்று, இரண்டு" பதிவாகிவிட்டது. அந்த அம்மாவிடம் அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நா வறண்டுவிட்டது.

இப்போது அழுக்கு. அடாப்டரையும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிட்டு, கேசட் மூடியைத் திறந்தால் நடுவில் பளபளவென்று விரல்நுனி அளவு உலோகத் துண்டு தெரியும், அதுதான் ஹெட். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, நாடா ஓடும் திசையிலேயே துடையுங்கள். 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டது நல்லது. 70 விழுக்காட்டுச் சரக்கில் தண்ணீர் அதிகம் என்பதால் காய்வதற்குக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். பஞ்சு பழுப்பாக வந்தால், அது நாடாவிலிருந்து உதிர்ந்த இரும்பு ஆக்சைடு. ஹெட்டுக்குப் பக்கத்தில் மெல்லிய எஃகுத் தண்டு ஒன்றும், அதன்மேல் நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை ஒன்றும் இருக்கும். தண்டை ஆல்கஹாலால் துடைக்கலாம். ரப்பரை அடிக்கடி ஆல்கஹாலால் துடைத்தால் வறண்டு வெடிக்கும்; சோப்பு கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி ஆகிய மூன்றும் பிளாஸ்டிக்கை உருக்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது: கருவி சாமி மேடைக்கு அருகில் இருக்கிறதா? வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போடும் வீடுகளிலிருந்து வந்த கருவிகளின் ஹெட்டில், மற்ற வீட்டுக் கருவிகளில் காணாத ஒரு கருமையான பிசுக்கு இருக்கும். சாம்பிராணிப் புகையும் கற்பூரக் கரியும் விளக்கெண்ணெயின் ஆவியும் சேர்ந்து படியும் படலம் அது. தூசி அதன்மேல் ஒட்டிக்கொண்டு நாடாவை உப்புத்தாள்போல் தேய்க்கும். சமையலறைத் தாளிப்பும் இதே வேலையைச் செய்யும். கருவியை வேறு அறைக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாதென்றால் புகை போடும் நேரத்தில் மெல்லிய துணியால் மூடிவையுங்கள்.

பெல்ட் விஷயத்துக்கு அடிமூடியைக் கழற்ற வேண்டியிருக்கும். நல்ல பெல்ட் விரலால் இழுத்துவிட்டால் உடனே பழைய நிலைக்குச் சுருங்கும். தளர்ந்த பெல்ட் தொங்கும். நம் வெப்பத்தில் பல ஆண்டுகள் இருந்த பெல்ட் இரண்டையும் செய்யாது: கருப்பட்டிப் பாகுபோல் உருகி, சக்கரத்தின் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு, இழுத்தால் நூல் நூலாக வரும், விரலில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது, சட்டையில் பட்டால் போகவே போகாது. பல் குத்தும் குச்சியால் சுரண்டி, ஆல்கஹாலால் பள்ளம் பளபளக்கும்வரை துடைத்த பிறகுதான் புதுப் பெல்ட் போட வேண்டும். பெல்ட் ஓடும் பாதையை ஒரு நூலால் சுற்றி அளந்து, அதைவிட 5 விழுக்காடு குறைவான சுற்றளவுள்ள பெல்ட் கேளுங்கள். புடுவில் ஜாலான் பாசார் வட்டாரத்து மின்னணு உதிரிப்பாகக் கடைகளில் தேடிப் பார்க்கலாம். பழைய பெல்ட் துண்டு துண்டாக இருந்தாலும் அதையும் கையோடு கொண்டுபோங்கள், தடிமனைப் பார்க்க உதவும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இரண்டு கேசட்டுகளில் வரவேற்புச் செய்திக்கானது தொடக்கமும் முடிவும் இல்லாமல் வளையமாக ஓடும் நாடாவாக இருக்கலாம். அந்த இடத்தில் சாதாரணக் கேசட்டைப் போட்டால் கருவி செய்தியின் தொடக்கத்துக்குத் திரும்ப முடியாமல் நின்றுவிடும்.

கேள்வி: ஐயா, என்னுடையது கேசட் இல்லாத டிஜிட்டல் கருவி. மின்சாரம் ஐந்து நிமிடம் நின்று வந்தாலும் செய்திகள், வரவேற்பு, மணி நேரம் எல்லாம் அழிந்துவிடுகின்றன. ஆனால் அதே போன்ற கருவி வைத்திருக்கும் என் தங்கை வீட்டில் எதுவும் அழிவதில்லை. என் கருவி பழுதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: பழுதாக இருக்க வேண்டியதில்லை. டிஜிட்டல் கருவிகளில் இரண்டு வகை நினைவகம் உண்டு. மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நினைவில் வைத்திருப்பது ஒரு வகை. ஃபிளாஷ் எனப்படும் மற்ற வகை மின்சாரம் போனாலும் மறக்காது. உங்களுடையது முதல் வகையாகவும் தங்கையினுடையது இரண்டாம் வகையாகவும் இருக்கலாம். முதல் வகைக் கருவியின் அடியில் சிறிய கதவு ஒன்று இருக்கும். அதற்குள் 9 வோல்ட் சதுர பேட்டரி போட வேண்டும். மின்தடை நேரத்தில் நினைவகத்துக்கு உயிர் கொடுப்பது அதன் வேலை. கருவியை வாங்கிய நாளில் போட்ட பேட்டரியே பலரிடம் இன்னும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது, அதையும் மாற்றிவிடுங்கள். அடாப்டர் மின்சாரத்தில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். இல்லையென்றால் பேட்டரியை எடுத்த நொடியே எல்லாம் போய்விடும்.

கதவைத் திறந்தவுடன் வெள்ளைத் தூளோ பச்சைப் பூப்போ தெரிந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது காரம். எனவே பஞ்சுக் குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்தால் நுரைத்துக் கரையும். பிறகு ஈரத்துணியால் ஒற்றி, ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புதிய பேட்டரியைப் போடுங்கள். வெறும் கையால் தொட வேண்டாம்.

கேள்வி: இடி மின்னல் அடித்த மறுநாள் முதல் எங்கள் ஆன்சரிங் மெஷினின் விளக்கு எரிகிறது, பழைய செய்திகளும் கேட்கின்றன, ஆனால் எத்தனை மணி அடித்தாலும் எடுப்பதில்லை.
– வாசகர், பூச்சோங்

பதில்: மின்னல் உங்கள் வீட்டுக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக வந்திருக்கிறது. அடாப்டர் வழியாக வந்திருந்தால் விளக்கே எரியாது. கம்பி நுழையும் இடத்தில் இருக்கும் ஒன்றிரண்டு சிறு பாகங்கள் எரிந்திருக்கும். பழுதுபார்ப்பவர் கைக்கு அது பெரிய வேலையில்லை, கரிந்த பாகம் கண்ணுக்கே தெரியும். இனிமேல், குறிப்பாக ஏப்ரல்–மே மாதங்களிலும் அக்டோபர்–நவம்பர் மாதங்களிலும் மாலையில் வானம் கறுத்தால், அடாப்டர், தொலைபேசிக் கம்பி இரண்டையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் தொலைபேசிக் கம்பியை மறந்துவிடுகிறார்கள். வெளியூர் போகும்போது வேண்டுமென்றே விட்டுச் செல்லும் கருவிதானே இது என்று கேட்பீர்கள், உண்மைதான். அதற்கு, தொலைபேசிக் கம்பியும் நுழைந்து வெளியேறும் வகையிலான மின்னெழுச்சித் தடுப்பான் வாங்கலாம். ஆனால் வீட்டில் எர்த் சரியாக இல்லையென்றால் அது வெறும் அலங்காரப் பெட்டிதான்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகள் அங்கே பயன்படுத்திய ஆன்சரிங் மெஷினைக் கொடுத்தனுப்பினாள். இங்கே இணைக்கலாமா? பக்கத்து வீட்டுக்காரர் இணைத்ததில், ஒவ்வொரு செய்திக்குப் பிறகும் 'பீப் பீப்' என்ற ஒலி ஒரு நிமிடம் பதிவாகிறதாம்.
– வாசகி, பெட்டாலிங் ஜெயா

பதில்: முதலில் அடாப்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது அதைப்போல் இரண்டு மடங்கு, 50 ஹெர்ட்ஸ். அடாப்டரின் மேல் '120 வோல்ட்' என்று மட்டும் எழுதியிருந்தால், முனைமாற்றியைப் போட்டு நம் சுவரில் செருகியவுடன் புகை வரும். '100–240' என்றிருந்தால் பயமில்லை. புது அடாப்டர் வாங்கும்போது நான்கு விஷயங்கள் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்: வெளியீட்டு வோல்ட் அதே அளவு, மில்லி ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ, வெளியீடு டிசியா ஏசியா என்பது, முனையின் நடுக்குழி நேரா (+) எதிரா (−) என்பது. கடைசி இரண்டில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். '9 வோல்ட், முனையும் பொருந்துகிறது' என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே செருகி, நடுக்குழி மாறியதால் கருவியை எரித்தவர்கள் என் மேசைக்கு வரிசையாக வந்திருக்கிறார்கள். நடுப்புள்ளியையும் அதைச் சூழ்ந்த அரைவட்டத்தையும் வரைந்து, கூட்டல் கழித்தல் குறி போட்ட சிறு படம் ஒன்று கருவியிலும் அடாப்டரிலும் அச்சிட்டிருக்கும். இரண்டு படமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பக்கத்து வீட்டுக்காரரின் 'பீப் பீப்' வேறு கதை. அழைத்தவர் போனை வைத்துவிட்டார் என்பதைக் கருவி எப்படி அறிகிறது? அமெரிக்காவில் அந்த நேரத்தில் தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பகம் கம்பியின் மின்னோட்டத்தைக் கண நேரம் துண்டிக்கும். கருவி அதை உணர்ந்து நின்றுவிடும். அந்தக் குறிப்பு வராத இணைப்பில், கருவி பேச்சு நின்றுவிட்டதா என்று காத்திருக்கும். ஆனால் இணைப்பகத்தின் ஒலியையே பேச்சு என்று எண்ணித் தொடர்ந்து பதிந்துகொண்டிருக்கும். செய்தியின் நீளத்தை 1 நிமிடமாகக் குறைக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். அதைவிட நல்ல தீர்வு என்னிடம் இல்லை. மணி எண்ணிக்கையிலும் ஒரு வேறுபாடு வரலாம்: நம் மணி இரட்டை இரட்டையாக அடிக்கும், அமெரிக்க மணி ஒற்றையாக அடிக்கும். இரட்டையை இரண்டாக எண்ணும் கருவி நீங்கள் எழுந்து வருவதற்குள் எடுத்துவிடும், எண்ணிக்கையைக் கூட்டிவையுங்கள்.

கேள்வி: வரவேற்புச் செய்தியைத் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் பேசிப் பதிவு செய்தேன். பாதியில் நின்றுவிடுகிறது.
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: பல கருவிகளில் வரவேற்புக்கு 30 நொடி, சிலவற்றில் அதற்கும் குறைவு. மூன்று மொழியிலும் வணக்கம், குடும்பப் பெயர், நலம் விசாரிப்பு என்று போனால் எந்தக் கருவிதான் தாங்கும்? மொழிக்கு ஒரு வாக்கியம் போதும்: எண்ணைச் சொல்லுங்கள், மணியோசைக்குப் பிறகு பேசச் சொல்லுங்கள். எழுதி வைத்துக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒலிவாங்கியிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று வாசியுங்கள். "நாங்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருக்கிறோம், ஞாயிறுதான் திரும்புவோம்" என்று மட்டும் எக்காலத்திலும் பதிவு செய்யாதீர்கள். அதைக் கேட்பவர் எல்லாரும் உறவினர் அல்லர்.

கேள்வி: ஃபைபர் இணைப்புக்கு மாறிய பிறகு ஆன்சரிங் மெஷின் செத்துவிட்டது. சுவரில் பழைய இடத்தில்தான் செருகியிருக்கிறேன்.
– வாசகர், கிள்ளான்

பதில்: செத்தது கருவியன்று, சுவர். இந்நாட்டில் 2010ஆம் ஆண்டு டெலிகாம் மலேசியாவின் யூனிஃபை என்ற ஃபைபர் சேவை வந்ததிலிருந்து வீடு வீடாக நடந்துவரும் மாற்றம் இது. செம்புக் கம்பி இருந்த காலத்தில் இணைப்பகமே ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரத்தைக் கம்பியில் அனுப்பிக்கொண்டிருந்தது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கொண்டுவராது. இப்போது தொலைபேசி வேலை செய்வது ஃபைபர் இணைப்புக்காக உங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போன அந்தப் பெட்டியின் முதுகில் இருக்கும் தொலைபேசித் துளையிலிருந்துதான். ஆன்சரிங் மெஷினின் கம்பியை அங்கே செருகுங்கள். தொலைபேசியைக் கருவியின் இரண்டாவது துளையில் செருகுங்கள். கம்பி முனையின் சிறிய பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் கம்பியையே மாற்றிவிடுங்கள், அது தளர்ந்துகொண்டே இருக்கும்.

இரண்டு விளைவுகளை எதிர்பாருங்கள். மின்சாரம் போனால் அந்தப் பெட்டியும் போகும், தொலைபேசியும் போகும். கருவிக்குள் எவ்வளவு நல்ல பேட்டரி இருந்தாலும் அழைப்பே வராது. பெட்டிக்கும் கருவிக்கும் சேர்த்து மின்தடையில் சிறிது நேரம் மின்சாரம் தரும் ஒரு சிறிய யுபிஎஸ் வைத்தால் சமாளிக்கலாம். அடுத்து, மணி அடிக்க அந்தப் பெட்டி தரும் சக்திக்கு அளவு உண்டு. மாடியில் ஒன்று, கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று என்று பழைய தொலைபேசிகளை எல்லாம் ஒரே துளையில் தொடுத்தால் மணி ஈனமாக அடிக்கும், ஆன்சரிங் மெஷினும் விழிக்காது. இணைப்போடு குரலஞ்சல் சேவையும் வந்திருந்தால், அது எடுப்பதற்கு முன் உங்கள் கருவி எடுக்கும்படி மணி எண்ணிக்கையைக் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: வெளியூரிலிருந்து அழைத்துச் செய்திகளைக் கேட்கும் வசதி பாதுகாப்பானதா?
– வாசகர், ரவாங்

பதில்: இரகசிய எண்ணை மாற்றினால் பாதுகாப்பானதே. தொழிற்சாலையில் போட்டுத் தரும் எண் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கும். கையேடு ஊரெல்லாம் இருக்கும். உங்கள் கருவியில் டோல் சேவர் வசதியும் இருந்தால் அதைப் போட்டுவையுங்கள். புதுச் செய்தி இருந்தால் இரண்டாவது மணியிலேயே எடுக்கும், இல்லையென்றால் நான்கு மணி வரை காக்கும். மூன்றாவது மணி கேட்டவுடன் வைத்துவிடலாம், காசு மிச்சம். அதைக் கண்டுபிடித்தவர் நம் வீட்டுப் பெரியவர்களைப் போன்ற ஒருவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஐயா, காலமான என் பாட்டி எங்கள் பழைய ஆன்சரிங் மெஷினில் விட்டுச்சென்ற செய்திகள் ஒரு மைக்ரோ கேசட்டில் இருக்கின்றன. கருவியோடு பேசுகிறோம் என்பது அவருக்குப் புரியாது, "யார் பேசுறது? பேரைச் சொல்லேன், ஏன் வாயை மூடிக்கிட்டு நிக்கிற?" என்று அதட்டுவார். அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தபோது நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. போட்டுக் கேட்கலாமா?
– வாசகி, ஜார்ஜ் டவுன், பினாங்கு

பதில்: போடாதீர்கள். அந்த வெள்ளைப் பொடி பூஞ்சை. ஆண்டு முழுவதும் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் நம் ஊரில், மூடிய அலமாரிக்குள் நாடாவில் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் வியப்பு. அப்படியே ஓடவிட்டால் பொடி ஹெட்டுக்குப் போகும், சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இடத்தில் நாடா கிழியும்.

முதலில் காயவைக்க வேண்டும், ஆனால் வெயிலில் அன்று. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, கேசட்டை அதற்குள் ஒரு வாரம் வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் என்றால், ஈரம் குடித்து நிறம் மாறியதும் சூடாக்கி ஈரத்தைப் போக்கி மீண்டும் பயன்படுத்தலாம். சிலர் ஜெல்லுக்குப் பதில் அரிசியைப் போடச் சொல்வார்கள். அரிசி குடிக்கும் ஈரம் மிகக் குறைவு, வண்டு வேறு வந்து சேரும். காய்ந்த பிறகு, வெளிக்காற்று வரும் இடத்தில் முகக்கவசம் அணிந்து, சக்கரத்தின் நடுத்துளையில் பொருந்தும் ஒரு குச்சியைக் கொடுத்துக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எங்கேயாவது இறுகினால் பலம் காட்ட வேண்டாம். கேசட்டை உள்ளங்கையில் தட்டையாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எதிர்த் திசையில் சற்றுச் சுற்றிப் பிறகு தொடருங்கள். ஒரு கையால் சுற்றும்போதே, வாய்ப்பகுதியில் வெளியே தெரியும் நாடாவின்மேல் உலர்ந்த மென்துணியை லேசாகப் படியவிட்டால் பொடி அதில் வந்துவிடும். முதல் சுற்றில் துணி சாம்பல் நிறமாகும், இரண்டாம் சுற்றில் வெளுத்திருக்கும். கேசட்டின் கூடு திருகாணி போட்டதாக இருந்து, உள்ளேயும் பூஞ்சை தெரிந்தால், நாடாவை வேறொரு சுத்தமான கூட்டுக்கு மாற்றுவது மேல். நாடா அறுந்துவிட்டால் செலோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை வெயில் காலத்தில் கசிந்து அடுத்தடுத்த சுற்றுகளையும் ஹெட்டையும் பிடித்துக்கொள்ளும். நாடா ஒட்டுவதற்கென்றே தனி ஒட்டுநாடா இருக்கிறது.

செந்தூல் வாசகிக்குச் சொன்னதுபோல் கேசட்டின் பிளாஸ்டிக் தடுப்பை உடைத்தாயிற்றா? இனி அதை ஆன்சரிங் மெஷினில் போட வேண்டியதே இல்லை. மைக்ரோ கேசட் 1969இல் ஒலிம்பஸ் நிறுவனம் கொண்டுவந்தது. கைக்கு அடக்கமான ஒலிப்பதிவுக் கருவிகள் பல அதைப் போட்டுத்தான் ஓடின. அவை காலையில் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் சில வேளை கிடைக்கும். காதொலி துளையுள்ள ஒன்றை வாங்கி, முதலில் வேண்டாத ஒரு கேசட்டை ஓட்டி, நாடாவைக் கடிக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. ஓடும்; மைக்ரோ கேசட்டுக்கு நொடிக்கு 2.4 செ.மீ., 1.2 செ.மீ. என்று இரண்டு வேகங்கள் உண்டு. பாட்டியின் குரல் சிறு பிள்ளையின் குரல்போல் கேட்டால் வேகச் சுவிட்சை மாற்றினால் சரியாகும். காதொலி துளையிலிருந்து கணினியின் ஒலிவாங்கித் துளைக்குக் கம்பி கொடுத்து, ஒலியளவைப் பாதி அளவுக்கும் கீழே வைத்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பதிவு செய்து, வேவ் கோப்பாகச் சேமியுங்கள். இரைச்சல் நீக்கம், மெருகூட்டல் எல்லாம் படியெடுத்த கோப்பில்தான். முதல் கோப்பைத் தொடக் கூடாது. கம்பி கிடைக்கவில்லை என்றால், அமைதியான அறையில் ஒலிபெருக்கிக்கு அருகில் கைப்பேசியை வைத்துப் பதிந்தாலும் பெரிய இழப்பில்லை: தொலைபேசிக் கம்பி வழியே வந்த குரலில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதிதான் முதலிலிருந்தே இருந்தது. அந்த அதட்டல் முழுதாகக் கேட்கும்.

படியெடுத்து, இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்த பிறகும் கேசட்டை எறியாதீர்கள். ஜெல் பையோடு டப்பாவில் இருக்கட்டும்; ஒலிபெருக்கிக்கும் காந்தக் கதவுள்ள அலமாரிக்கும் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

கேள்வி: கருவிக்குள் எறும்பு போகிறது. மருந்து அடிக்கலாமா?
– வாசகி, செராஸ்

பதில்: கூடாது. தெளிப்பு மருந்தின் எண்ணெய், மின்சுற்றுப் பலகையில் படிந்து கேடு செய்யும். எறும்பு தேடி வருவது கதகதப்பை. மேசைக் கால்களுக்குத் தடுப்பு வையுங்கள், சுவரிலிருந்து வரும் கம்பியைத் துடைத்துவிடுங்கள். பல்லி அதைவிட மோசம். அடாப்டர் துளைக்குப் பின்னால் இரண்டு முட்டைகளை இட்டு, ஈன்ற இடத்திலேயே மின்சாரம் தாக்கி உலர்ந்து கிடந்த பல்லியை ஒரு கருவிக்குள் கண்டிருக்கிறேன். வெண்டிலேட்டர் துளைகளுக்குள் பழைய கொசுவலைத் துணியை ஒட்டினால் காற்றும் போகும், பல்லியும் போகாது.

கேள்வி: ஆன்சரிங் மெஷினை முதலில் உருவாக்கியவர் யார்? பள்ளிக் கட்டுரைக்காகக் கேட்கிறேன்.
– மாணவி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: டென்மார்க்கைச் சேர்ந்த வால்டெமார் பவுல்சன், 1898ஆம் ஆண்டு. அவர் தொலைபேசித் துறையில் பணியாற்றியவர். டெலிகிராஃபோன் என்ற அவருடைய கருவி எஃகுக் கம்பியில் காந்த முறையில் ஒலியைப் பதித்தது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப் அதில் பேசினார். அந்தப் பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. ஒலிநாடாத் தொழில் முழுவதும் அந்த எஃகுக் கம்பியிலிருந்து கிளைத்ததுதான் என்று கட்டுரையில் எழுதிக்கொள்ளலாம்.

கேள்வி: பழுதுபார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். குப்பையில் போடலாமா?
– வாசகர், காஜாங்

பதில்: யார் சொன்னார்கள், திறந்து பார்த்துச் சொன்னார்களா என்று முதலில் கேளுங்கள். விளக்கே எரியாத கருவிகளில் பல, அடாப்டரை மாற்றியவுடன் எழுந்து உட்கார்ந்திருக்கின்றன. சுண்டுவிரல் அளவுள்ள மின்தேக்கிகள் உப்பியிருந்தால் அவற்றை மாற்றலாம், விலையும் சில ரிங்கிட்தான். ஒலிச் செய்திகளைப் பதியும் சிப் கெட்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

விடுவதென்றாலும் வீட்டுக் குப்பையோடு அன்று. மின்னணுக் கழிவு 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளில் எஸ்டபிள்யூ 110 என்ற குறியீட்டின்கீழ் வருவது. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் கேசட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் கருவி என்றால், செய்திகள் எல்லாவற்றையும் அழித்து, 9 வோல்ட் பேட்டரியைக் கழற்றி, இரகசிய எண்ணைத் தொழிற்சாலை எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள். அடாப்டர் நன்றாக இருந்தால் அதன்மேல் வோல்ட்டையும் நடுக்குழியையும் பேனாவால் எழுதி இழுப்பறையில் போட்டுவையுங்கள். பெட்டாலிங் ஜெயா வாசகி போன்ற யாராவது ஒருவர் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.